காப்பிக்கு வந்த நோய் வரைந்த வரைபடம்

இலங்கை வரைபடத்தில் தமிழர்கள் பாதிக்கு மேல் வாழும் மாவட்டங்களுக்கு வண்ணம் பூசிப் பாருங்கள். வடக்கே யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா. கிழக்கே மட்டக்களப்பு. பூசி முடித்துவிட்டோம் என்று தூரிகையைக் கீழே வைக்கும்போது இன்னொன்று மிச்சமிருக்கும்: நுவரெலியா. தீவின் நடுவே, மலை உச்சியில், மற்ற எதனோடும் ஒட்டாமல் தனியாக! 2012 கணக்கெடுப்பின்படி அந்த மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் ‘இந்தியத் தமிழர்’. இவர்கள் எப்படி அங்கே போனார்கள்?

தேயிலை விளையும் இடங்களை ஒரு மெல்லிய தாளில் வரைந்து, அதை இந்த வரைபடத்தின் மேல் வையுங்கள். நுவரெலியாவில் இரண்டும் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் கதை தேயிலையில் தொடங்கவில்லை, காப்பியில் தொடங்குகிறது.

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மலைக்காடுகளை வெட்டிக் காப்பி பயிரிட்டார்கள். காப்பிப் பழம் ஒரு பருவத்தில்தான் பழுக்கும். அந்த நேரத்துக்கு மட்டும் நிறைய ஆட்கள் வேண்டும். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து ஏழை மக்களைக் கங்காணிகள் என்ற ஆள்திரட்டிகள் திரட்டிக் கூட்டிப்போனார்கள். படகில் மன்னார்க் கரை, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். பறிப்பு முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிடுவார்கள். அன்று ஒரே ஆண்டில் இருமுறை மக்கள்தொகை வரைபடம் போட்டிருந்தால், இரண்டும் வேறு வேறாக இருந்திருக்கும்.

1869இல் காப்பி இலைகளின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறப் பொடி தென்பட்டது. அது ஒரு பூஞ்சையின் வித்துகள். இலையில் ஈரம் இருந்தால் வித்து முளைத்து, இலைத்துளை வழியே உள்ளே நுழைந்துவிடும். இலை உதிரும். இலை இல்லாத செடி உணவு தயாரிக்க முடியாது, காய்ப்பும் நின்றுபோகும். மழைக்கும் மூடுபனிக்கும் குறைவில்லாத மலை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே பயிர். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? இருபது ஆண்டுகளில் இலங்கைக் காப்பித் தொழில் ஏறக்குறைய அழிந்தது.

தோட்டக்காரர்கள் தேயிலைக்கு மாறினார்கள். ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867லேயே லூல்கந்துரத் தோட்டத்தில் அதைப் பயிரிட்டுப் பார்த்திருந்தார். தேயிலையில் பறிப்பது பழத்தை அல்ல, கொழுந்தை: இரண்டு இலையும் ஒரு மொட்டும். கிள்ளினால் பத்து நாள் வாக்கில் மறுபடி துளிர்க்கும். ஆண்டு முழுக்கப் பறிப்புதான். இதற்குப் பருவத்துக்கு வந்துபோகும் ஆட்கள் போதாது. குடும்பம் குடும்பமாக ‘லயன்’ என்ற வரிசை வீடுகளில் தங்கவைத்தார்கள். அந்த ஒற்றை அறைகளை வீடு என்று சொல்வதே அதிகம்!

இன்னொன்றையும் கவனியுங்கள். மாவட்டம் முழுக்க ஒரே வண்ணம் அடித்தால் வரைபடம் நம்மை ஏமாற்றிவிடும். ஆயிரம் பேருக்கு ஒரு புள்ளி என்று வைத்துப் பாருங்கள். பள்ளத்தாக்கில் நெல் வயல்களை ஒட்டிச் சிங்களக் கிராமங்கள், மேலே சரிவுகளில் தோட்டத் தமிழர்கள் என்று பல இடங்களில் புள்ளிகள் பிரிந்து நிற்கும். மாவட்டக் கணக்கில் இது தெரியவே தெரியாது.

பூஞ்சையும் பயிரும் இட்ட புள்ளிகளைப் பிறகு சட்டங்கள் நகர்த்தின. இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டில் வந்த சட்டத்தால் இந்த மலையகத் தமிழரில் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. தமிழருக்கு எதிரான 1977, 1983 கலவரங்களுக்கு அஞ்சி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியவர்களும் உண்டு.

இந்தியா வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுதான் இன்றைய ‘டேன்டீ’. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இப்போதும் இருக்கிறார்கள். நீலகிரி வரைபடத்தின் மேலும் அந்தத் தேயிலைத் தாளை வைத்துப் பாருங்கள்.