விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சாச்சு: பனியன் கம்பெனி கம்ப்யூட்டர்களை என்ன செய்வது?

திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு எழுதவும் இ-வே பில் போடவும் ஒரு கம்ப்யூட்டர். பையருக்கு மெயில் அனுப்ப மெர்சண்டைசரிடம் ஒன்று. பேட்டர்ன் போட்டு ப்ளாட்டரில் பிரிண்ட் எடுக்க மூலையில் ஒன்று. மூன்றிலும் விண்டோஸ் 10 என்றால், மூன்றையும் உடனே தூக்கிப்போட வேண்டுமா? தேவையில்லை. ஆனால் மூன்றையும் அப்படியே விட்டுவைக்கவும் முடியாது.

என்ன நடந்தது?

2015 ஜூலையில் வந்தது விண்டோஸ் 10. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்த பிறகும் இரண்டும் சேர்ந்தே ஓடின. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. மறுநாளும் கம்ப்யூட்டர் வழக்கம்போல ஆன் ஆனது. நின்றுபோனது, மாதாமாதம் வந்த பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான்.

அதான் ஓடுதே, அப்புறம் என்ன?

விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் உள்ளே நிறைய பொதுவான கோடிங் உண்டு. 11-ல் ஒரு ஓட்டையை அடைத்தால், அதே ஓட்டை 10-ல் எங்கே இருக்கும் என்று ஹேக்கர்கள் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

2017 மே மாதம் உலகையே உலுக்கிய 'வான்னாக்ரை' ரான்சம்வேர் நினைவிருக்கிறதா? அதற்கான பேட்ச் மார்ச் மாதமே வந்துவிட்டது. அதைப் போடாமல் விட்ட விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள்தான் அதிகம் மாட்டின. சப்போர்ட் முடிந்த விண்டோஸ் 10-ல் போடுவதற்கு பேட்ச்சே வராது.

மற்ற மென்பொருள்களும் மெதுவாகக் கைவிடும். விண்டோஸ் 7-க்கு சப்போர்ட் முடிந்தது 2020 ஜனவரியில். குரோம் பிரவுசர் அதை விட்டது 2023-ல்.

விண்டோஸ் 11 போட்டால் போதாதா?

எல்லா கம்ப்யூட்டரும் அதை ஏற்காது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். 2016-ல் வாங்கிய கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடினாலும் இதில் தேறாது. பழைய ப்ளாட்டர், எம்பிராய்டரி மெஷின்களின் டிரைவர் புதிய விண்டோஸில் வேலை செய்யுமா என்பதையும் மெஷின் விற்றவரிடம் கேட்டுவிட்டே மாற வேண்டும்.

கொஞ்ச நாள் தள்ளிப்போட முடியுமா?

முடியும். வீட்டு கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் எடுத்தால் இலவசம்; இல்லையென்றால் 30 டாலர். நிறுவனங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர்களுக்கு ஒரு கம்ப்யூட்டருக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டுகளில் இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். மூன்றாண்டுக் கணக்கு 427 டாலர். அந்தப் பணத்தை புது கம்ப்யூட்டரில் போடலாமே என்று ஓனர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

எதை முதலில் மாற்றுவது?

பணம் புழங்கும் கம்ப்யூட்டரை. நெட் பேங்கிங், ஜிஎஸ்டி, பையர் மெயில் எல்லாம் அதில்தான். மெயிலுக்குள் ஒருவன் புகுந்து இன்வாய்ஸில் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிவிட்டால், ஒரு ஷிப்மென்ட் பணமே கைமாறிப் போகலாம்.

ப்ளாட்டர் கம்ப்யூட்டரை மாற்ற வழியில்லை என்றால் இன்டர்நெட்டையும் ஆபீஸ் நெட்வொர்க்கையும் துண்டித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். வான்னாக்ரை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து பக்கத்து கம்ப்யூட்டருக்குத் தானாகவே தாவியது நெட்வொர்க் வழியாகத்தான். ஃபைலை பென்டிரைவில் கொண்டுபோவதாக இருந்தால், ஒவ்வொரு முறையும் ஸ்கேன் செய்யுங்கள். பேட்டர்ன் ஃபைல்களுக்கு ஒரு காப்பி வெளியே இருக்கட்டும்.