கடைசிப் பயணத்துக்கு ஒதுக்கும் எரிபொருள்

இன்சாட்-4பி என்ற பெயர் நம்மில் பலருக்கு நினைவில் இருக்காது. ஆனால் அது அனுப்பிய படங்களை நிறையப் பேர் பார்த்திருப்போம். 2007 மார்ச் 12 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியான்-5 ராக்கெட்டில் போன செயற்கைக்கோள் அது. தூர்தர்ஷனின் இலவச டிடிஎச், சன் டைரக்ட் இரண்டும் அதன் வழியாகத்தான் மொட்டைமாடி டிஷ்களுக்கு வந்தன. 2010 ஜூலை 7 அன்று அதன் சூரியத் தகடுகள் இரண்டில் ஒன்றிலிருந்து மின்சாரம் வருவதில் கோளாறு ஏற்பட்டது. சமிக்ஞையை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் 24, அவற்றில் பாதியை அணைக்க வேண்டியதாயிற்று. சன் டைரக்ட் மலேசியாவின் மீசாட்-3 செயற்கைக்கோளுக்கு மாறியது. இன்சாட்-4பிக்கு அப்போது மூன்று வயதுதான். அந்தப் பாதி பலத்தோடு, 12 வருடம் என்று குறித்துக் கொடுத்த ஆயுளையும் தாண்டி, 2022 ஜனவரி 24 வரை அது இருந்தது.

அதை முழுதாக அணைப்பதற்கு முந்தைய வாரம்தான் இந்தக் கதையில் முக்கியமானது. ஜனவரி 17 முதல் 23 வரை, மிச்சமிருந்த எரிபொருளைக் கொண்டு 11 தடவை உந்தி, வழக்கமான பாதையைவிடச் சுமார் 340 கிலோமீட்டர் மேலே அதை ஏற்றிவிட்டார்கள். ஆயுள் முடிந்த செயற்கைக்கோள்களை ஒதுக்கிவைக்கும் கல்லறைப் பாதை அங்கேதான் இருக்கிறது.

அப்படியே விட்டால் என்ன? பூமிக்கு அருகே, நானூறு ஐந்நூறு கிலோமீட்டரில் சுற்றுபவை அங்குள்ள மெல்லிய காற்றில் உராய்ந்து வேகம் குறைந்து, ஒரு நாள் கீழே வந்து எரிந்துபோகும். தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் இருப்பது ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில். உராயக் காற்று இல்லை. நாம் இருக்கும்வரை அவை விழப்போவதும் இல்லை. அங்கேயே நிற்பதும் இல்லை என்பதுதான் சிக்கல். பூமத்திய ரேகையை ஒட்டி நம் பூமி சரியான வட்டமல்ல. அந்தக் கோணலால், செத்த செயற்கைக்கோள்கள் இரண்டு இடங்களை நோக்கி இழுபடுகின்றன. ஒன்று மேற்குத் தீர்க்கரேகை 105 பாகைக்கு அருகே. மற்றொன்று கிழக்கே 75 பாகைக்கு அருகே, அதாவது இந்தியாவுக்கு நேர் தெற்கே. இன்சாட்-4பி வேலை பார்த்த 93.5 பாகையில் அது கட்டுப்பாடிழந்து கிடந்திருந்தால், 75ஐத் தாண்டி மேற்கே போய், திரும்பி வந்து, மறுபடியும் போய், காலத்துக்கும் ஆடிக்கொண்டிருக்கும். 74, 83 பாகைகளில் நிற்கும் இந்தியாவின் மற்ற செயற்கைக்கோள்கள் அந்த வழியில்தான் இருக்கின்றன. ஊர்க் குப்பை உருண்டு வந்து சேரும் பள்ளத்தில் நாம் வீடு கட்டியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் 300 கிலோமீட்டர் மேலே ஏற்றுவதற்கு எரிபொருள் அதிகம் வேண்டாம். நிலாவும் சூரியனும் இழுப்பதால் செயற்கைக்கோள் வடக்கு தெற்காக விலகும். அதைத் திருத்தவே வருடத்துக்கு நொடிக்கு 50 மீட்டர் அளவு வேகமாற்றம் செலவாகிறது. கல்லறைப் பாதைக்குப் போக நொடிக்கு 11 மீட்டர் போதும். கணக்குப் போட்டால், மூன்று மாதத்துக்கும் குறைவான எரிபொருள். அந்த மூன்று மாதத்தில்தான் ஆசை புகுந்துகொள்கிறது. முதலீடு எப்போதோ திரும்பி வந்துவிட்டது, ஆயுள் முடிந்தபின் வரும் வாடகையில் பெரும்பங்கு லாபம்தான். இன்னும் ஒரு காலாண்டு ஓட்டினால் என்ன என்று எந்த நிறுவனத்துக்கும் தோன்றும்.

சரி, எரிபொருள் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து முடிவெடுக்கலாமே என்றால், அதை அவ்வளவு எளிதாகப் பார்க்க முடியாது. எடையில்லாத இடம். தொட்டிக்குள் திரவம் அடியில் தங்காது, சுவரில் ஒட்டியும் உருண்டைகளாக மிதந்தும் இருக்கும். அளவுகோல் விட்டுப் பார்க்க வழியில்லை. அதனால் முதல் முறை கணக்குப் பிள்ளை வேலைதான். ஏவிய நாளிலிருந்து ஒவ்வொரு தடவை உந்தியபோதும் எத்தனை நொடி எரிந்தது, நொடிக்கு எவ்வளவு செலவானது என்று எழுதி, மொத்தத்திலிருந்து கழித்துக்கொண்டே வருவது. பதினைந்து வருடங்களில் ஆயிரக்கணக்கான உந்தல்கள். ஒவ்வொன்றிலும் விழும் சின்னப் பிழை சேர்ந்துகொண்டே போகும். இரண்டாவது, தொட்டியின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் வைத்து உள்ளே வாயு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று கணிப்பது. திரவம் குறையக் குறைய இதன் துல்லியமும் குறையும். மூன்றாவது, தொட்டியைக் கொஞ்சம் சூடாக்கி, எவ்வளவு வேகமாகச் சூடேறுகிறது என்று பார்ப்பது. நிறையத் திரவம் இருந்தால் மெதுவாகத்தான் ஏறும். எனக்கு இந்த மூன்றில் மிகவும் பிடித்தது கடைசி முறைதான். மிச்சம் குறைய இதன் துல்லியம் கூடுகிறது. ஆனாலும் எல்லாம் ஊகமே. இந்த ஊகத்தில் தவறினால் அந்த மூன்று மாத இருப்பு மொத்தமும் காணாமல் போய்விடும்.

போனதும் உண்டு. இன்சாட்-4பி விடைபெற்ற அடுத்த மாதமே, 2022 பிப்ரவரியில், அமெரிக்காவின் டிஷ் நிறுவனம் தன் எக்கோஸ்டார்-7ல் எரிபொருள் மிகக் குறைவாக இருப்பதைக் கண்டது. 2002ல் ஏவியது, இருபது வயது. மே மாதத்தில் 300 கிலோமீட்டர் ஏற்றுவதாக அரசுக்கு உறுதி கொடுத்திருந்தார்கள். கடைசியில் 122 கிலோமீட்டர்தான் ஏற முடிந்தது. 2023 அக்டோபரில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1,50,000 டாலர் அபராதம் விதித்தது. விண்வெளிக் குப்பைக்காக அந்த ஆணையம் விதித்த முதல் அபராதம் அது. செயற்கைக்கோளின் விலைக்கு முன் இது காசே அல்ல என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் உரிமம் கொடுக்கும் அதிகாரி ஒருமுறை தண்டம் போட்டபின், அடுத்த விண்ணப்பத்தில் எரிபொருள் கணக்கை யாரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

எரிபொருளை மிச்சப்படுத்த ஒரு வழி உண்டு. வடக்கு தெற்குத் திருத்தத்தை நிறுத்திவிட்டால் செலவில் பெரும்பகுதி நின்றுவிடும். பாதை வருடத்துக்கு ஏறத்தாழ 0.8 பாகை சாயும், செயற்கைக்கோள் தினமும் வானில் 8 வடிவத்தில் அலையும். அசையும் ஆன்டெனா வைத்திருக்கும் கப்பலுக்கும் பெரிய நிலையத்துக்கும் இது சமாளிக்கக் கூடியது. சுவரில் திருகி வைத்த வீட்டு டிஷ்ஷுக்குச் சரிப்படாது.

எரிபொருள் இருந்தும் ஆபத்து வரலாம். 2019 டிசம்பரில் ஸ்பேஸ்வே-1 என்ற செயற்கைக்கோளின் பேட்டரிகள் சூட்டினால் சேதமடைந்தன. 12 வருடத்துக்கென்று செய்து 2005ல் ஏவியது. சூரிய ஒளி படும்வரை பேட்டரி தேவையில்லை, தகடுகளே போதும். ஆனால் மார்ச், செப்டம்பர் மாதங்களைச் சுற்றி, ஒன்றரை மாதம் போல, தினமும் ஒருமுறை பூமியின் நிழல் இந்தப் பாதையைக் கடக்கும். அதிகபட்சம் சுமார் 70 நிமிடம். அப்போது பேட்டரிதான் கை கொடுக்க வேண்டும். சேதமான பேட்டரியை ஏற்றி இறக்கினால் வெடிக்கலாம். நிழல் காலம் 2020 பிப்ரவரி 25ல் தொடங்குகிறது. மேலே ஏற்றியபின் தொட்டியைக் காலி செய்வது கட்டாய விதி. உள்ளே 73 கிலோ எரிபொருள், அவ்வளவையும் வெளியேற்ற நேரமில்லை. வெடிப்பா, நிரம்பிய தொட்டியா என்று வந்தபோது, காலி செய்யாமலே ஏற்றிவிட உரிமையாளர் அனுமதி கேட்டார், கிடைத்தது.

இப்போது வேறொரு யோசனை நடைமுறைக்கு வந்திருக்கிறது. 2020 பிப்ரவரி 25 அன்று, அதே நாளில், எம்இவி-1 என்ற துணைக்கலம் 2001ல் ஏவிய இன்டெல்சாட்-901ஐப் பின்னாலிருந்து பிடித்தது. பிடிக்கக் கொக்கி எதுவும் அந்தக் கிழச் செயற்கைக்கோளில் கிடையாது. அதன் முக்கிய ராக்கெட்டின் புனல் வாய்க்குள் ஒரு கம்பியை நுழைத்து, உள்ளே விரித்துக் கவ்விக்கொண்டது. எரிபொருள் தீர்ந்துவரும் நிலையில் ஏற்கெனவே மேலே ஏற்றிவிட்டிருந்த 901 மறுபடியும் இறங்கி வந்து, ஏப்ரல் மாதம் வேலையைத் தொடங்கியது. சுமந்து நிற்பதும் திருப்புவதும் துணைக்கலம். பேசுவது மட்டும் பழையது. 2025ல் எம்இவி-1 அதைக் கல்லறைப் பாதைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பிரிந்தது.

துணைக்கலம் தருவது உந்துவிசையை மட்டும்தான். கதிர்வீச்சில் மங்கிய தகடுகளும், ஆயிரம் தடவைக்கு மேல் நிழலைக் கடந்த பேட்டரியும், ஏவிய வருடத்தின் மின்னணுவும் பழையபடியே இருக்கின்றன. ஐந்து வருடம் நீட்டிக்கலாமா என்று கேட்டு யாராவது வந்தால், எரிபொருளை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தப் பேட்டரியின் ஏடுகளைத்தான் நான் கேட்பேன்.