மூச்சுக்குழலின் உட்படலம்

வாழப்பாடி வட்டாரம் பாக்குத் தோப்புகளுக்குப் பெயர் பெற்றது. காய் வெட்டும் பருவத்தில் வீட்டுத் திண்ணைகளிலும் கொட்டகைகளிலும் பெண்கள் வரிசையாக அமர்ந்து பாக்கு உரிப்பர். உரித்த மட்டை காயும்போது தூசி எழும். அதனைச் சுவாசிக்கும் இருவரில் ஒருவர் சற்றே இருமிவிட்டு வேலையைத் தொடர்கிறார். மற்றவருக்கோ மார்பு இறுகி இரைப்பு எடுக்கிறது. தூசி ஒன்றாக இருக்க, துன்பம் மட்டும் ஏன் வேறுபடுகிறது?

மூச்சுக்குழல்களின் சுவரில் மென்தசை சூழ்ந்துள்ளது. அது நம் விருப்பத்திற்கு உட்பட்டு இயங்குவதன்று. அது சுருங்கினால் வழி குறுகும். காற்று சீராக ஓடும் குழலில் ஆரம் பாதியானால் தடை பதினாறு மடங்காகும் என்கிறது இயற்பியல். ஆதலால் இரைப்பு என்றதும் மருத்துவ உலகம் நெடுங்காலம் தசையையே நோக்கியது. தசைக்கு உட்புறமாக, காற்றைத் தொட்டு நிற்கும் எபிதீலியம் என்னும் உட்படலம், சளியையும் தூசியையும் வெளியேற்றும் வெறும் போர்வையாகவே கருதப்பட்டது.

அக்கருத்தை அசைத்த சிந்தனை இரத்தக்குழாய் ஆய்விலிருந்து வந்தது. 1980-இல் அமெரிக்க அறிஞர் இராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனியில் உட்படலம் சிதையாதிருந்தால்தான் அசிட்டைல்கோலைன் அதனைத் தளர்த்துகிறது எனக் காட்டினார். 1998-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்தவர்களுள் அவரும் ஒருவர். அப்படியானால் மூச்சுக்குழலில்? 1985-இல் வான்ஹூட் குழுவினர் நாயின் மூச்சுக்குழல் வளையங்களை எடுத்து, சிலவற்றில் மட்டும் உட்படலத்தைத் தேய்த்து நீக்கினர். பின்னர் இருவகை வளையங்களிலும் அசிட்டைல்கோலைன், ஹிஸ்டமின் முதலியவற்றைச் செலுத்தினர். படலம் இழந்த வளையங்களே மிகுதியாகச் சுருங்கின. தசை அதே தசைதான். அதனை அடக்கி வைத்திருந்த கை போய்விட்டது!

அந்தக் கை எவ்வாறு செயற்படுகிறது? படலம் முதலில் ஒரு வேலி. தூண்டும் பொருள்கள் தசையை எளிதில் எட்டவிடாது. அத்துடன் நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாகிளாண்டின் ஈ2 ஆகிய தளர்த்தும் பொருள்களைச் சுரக்கிறது. எனினும் அதனை முழு நல்லவன் எனக் கொள்ளுதல் பிழை. அழற்சியுற்ற படலம் எண்டோதீலின் என்னும் சுருக்கும் பொருளையும் சுரக்கும்.

ஆஸ்துமா உடையோரின் மூச்சுக்குழல்களில் இப்படலம் ஆங்காங்கே உரிந்து கிடப்பதை நுண்ணோக்கி காட்டியுள்ளது. திண்ணையில் கண்ட வேறுபாட்டிற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். பாக்கிலேயே அரிகோலின் என்னும் பொருள் உண்டு. அசிட்டைல்கோலைனைப் போன்றே மென்தசையைச் சுருக்கவல்லது. அதனை உள்ளிழுத்த ஆஸ்துமா நோயாளருக்கு மூச்சுவழி குறுகியதை 1992-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. ஆகவே இரைப்புள்ளவர் பாக்கு மெல்லாதிருப்பது நன்று.

சால்பியூட்டமால் உறிஞ்சி தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும்; படலத்தின் அழற்சியை அது ஆற்றாது. அதனை ஆற்றுவது உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்து. அம்மருந்தின் முழுப்பயன் தெரிய வாரங்கள் ஆகலாம். உடனே பலன் தெரியவில்லை எனப் பலர் இடையிலேயே நிறுத்திவிடுகின்றனர். 2019 முதல் பன்னாட்டு ஆஸ்துமா வழிகாட்டு நெறிகளும், விரைவில் தளர்த்தும் மருந்தை மட்டுமே நம்பியிருத்தல் கூடாது என்கின்றன. இரைப்பு இல்லாத நாளிலும் மருத்துவர் உறிஞ்சச் சொல்வது படலத்திற்கான அந்த மருந்தைத்தான்.