பந்தியில் தலை எண்ணினால்..?

பைல் நாட்டிலிருக்கும் மாமாவின் மிளகை விற்க, 2018-ல் ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தேன். மறு வருஷமே ஹோஸ்டிங் கடைக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார்.

"ஏன் மாப்ளே, மிளகு விலை ஏறலை, இது மட்டும் ஏறுது?"

கடைக்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான சைட்டுகளைக் குடிவைத்திருப்பார். அதை நிர்வகிக்க சிபேனல் என்றொரு அமெரிக்க சாஃப்ட்வேர். சர்வருக்கு மாசம் 45 டாலர். உள்ளே 100 சைட்டோ 500 சைட்டோ, கேள்வி கிடையாது. 2019 ஜூனில் திடீர் அறிவிப்பு. செப்டம்பர் முதல் 45 டாலருக்கு 100 கணக்குதான். மேற்கொண்டு தலைக்கு 20 சென்ட். 500 சைட் என்றால் 125 டாலர்! (பி.காம். படிப்பு இதற்காவது உதவியது.)

"மண்டபத்துக்கு வாடகை பேசிட்டு, பந்தியில தலை எண்றானா? வேற கடை பார்க்கறது!"

பெரிய போட்டிக் கடை பிளெஸ்க். அதை 2017-லும், சிபேனலை 2018-லும் வாங்கிப் போட்டது ஒரே ஆசாமி... ஓக்லி கேப்பிடல். டைரக்ட்அட்மின் என்ற தனிக் கடைக்குப் பலர் தாவினார்கள்தான். ஆனால், நூற்றுக்கணக்கான பேரின் மெயிலோடு மூட்டை கட்டுவது லேசா என்ன? அந்தத் தைரியத்தில் வைத்த விலை அது!

மாமா பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

"அது கிடக்கட்டும், உன் சைட்டால இதுவரைக்கும் எத்தனை கிலோ மிளகு வித்துச்சு?"

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.