சாய்வும் வெட்டுத்துண்டும்: ஒரு கோட்டை வாசித்தல்

'பெண்களின் எழுத்தறிவு ஆண்களைவிட வேகமாகக் கூடுகிறது, வித்தியாசம் தானாக மறைந்துவிடும்' என்கிற பேச்சை மேடைகளில் கேட்கிறோம். இந்தப் பேச்சுக்குள் ஒரு நேர்கோட்டுச் சமன்பாடு இருக்கிறது. அதைப் பிரித்து வாசிக்கப் பள்ளிக்கூடக் கணக்கே போதும்.

தமிழ்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் எழுத்தறிந்தவர்கள் 1991இல் ஆண்கள் 73.75 சதவீதம், பெண்கள் 51.33. 2001இல் 82.42, 64.43. வித்தியாசம் 22.42ஆக இருந்தது 17.99 ஆகிறது. பத்து வருஷத்தில் 4.43 குறைவு, வருஷத்துக்கு 0.443. எக்ஸ் ஒன்று கூடினால் ஒய் எவ்வளவு மாறும் என்பதுதான் சாய்வு. இங்கே குறைவதால் கழித்தல் குறி. 1991இலிருந்து கழிந்த வருஷத்தை எக்ஸ், வித்தியாசத்தை ஒய் என்று வைத்தால்:

ஒய் = 22.42 − 0.443 எக்ஸ்

எக்ஸுக்குப் பூஜ்ஜியம் போட்டால் ஒய் 22.42. இது ஒய்-வெட்டுத்துண்டு. நாம் எண்ண ஆரம்பிப்பதற்கு முன்பே பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட பெண்களின் வரலாறு இந்த ஒரு எண்ணில் இருக்கிறது. வேகத்தையே பேசுகிறவர்கள் சாய்வைக் காட்டி இதை மறைத்துவிடுகிறார்கள்.

இனி ஒய்க்குப் பூஜ்ஜியம் போடுங்கள். 22.42ஐ 0.443ஆல் வகுத்தால் சுமார் 50.6. இது எக்ஸ்-வெட்டுத்துண்டு, அதாவது 2041. 1991இல் ஏழு வயதாக இருந்த சிறுமிக்கு அப்போது 57 வயது. 'தானாக' என்கிற சொல்லுக்கு இவ்வளவு நீளம்.

இந்தக் கோட்டை நம்பலாமா? 2011க்கு அது சொல்வது 13.56, கணக்கெடுப்பில் வந்தது 13.33. அதுவரை சரி. ஆனால் ஆண்களின் தனிக் கோட்டுக்குச் சாய்வு 0.867. அதில் 50.6 வருஷத்தைப் போட்டால் எழுத்தறிவு 117 சதவீதத்தைத் தாண்டுகிறது! இரண்டு கோடுகளும் சந்திக்கிற இடம் உலகத்திலேயே இல்லை. ஆகவே 2041 ஆரூடம் ஆகாது. வித்தியாசம் அதற்கு முன்பே போகலாம், போகாமலும் இருக்கலாம்.

சாய்வு இயற்கை விதியும் அல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். அந்த மாதிரி உழைப்பெல்லாம் சேர்ந்துதான் 0.443. அடுத்த தடவை யாராவது வேகத்தைச் சொன்னால், எங்கிருந்து, எதுவரை, யாருடைய உழைப்பில் என்று கேளுங்கள்.