நீராட்டுப் பொம்மையின் உட்புறம்

மதுரையில் சித்திரைத் திருவிழாக் காலத்துத் தெருவோரக் கடைகளிற் குவிந்து கிடக்கும் விளையாட்டுப் பொருள்களுள் மஞ்சள் நிற வாத்தும் ஒன்று. மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆகியது, உள்ளே வெற்றிடம், அடியில் ஒரு சிறு துளை. வாளி நீரில் அமிழ்த்திப் பின் அழுத்தினால் நீரைப் பீச்சும். அது கையில் இருந்தாலன்றி நம் வீட்டுக் குழந்தை நீராட இசைவதில்லை. ஒரு நாள் அது தன் வாய்க்குள்ளேயே நீரைப் பீச்சிக்கொள்ள, உதட்டில் கருந்துகள்கள் சில ஒட்டியிருக்கக் கண்டோம். பொம்மையின் வெளிப்புறமோ நாடோறும் சோப்பிட்டுக் கழுவப்பெற்றுப் பளபளத்தது. ஐயுற்று அதனைக் கத்தியால் இரு கூறாக்கினோம். உட்சுவர் முழுதும் வழவழப்பான கரும்படலம்! அன்று குழந்தை அழுத அழுகையை ஈண்டு விரிப்பானேன்?

இது நம் வீட்டிற்கு மட்டும் நேர்ந்ததன்று. சுவிட்சர்லாந்து நாட்டு ஈவாக் என்னும் நீராராய்ச்சி நிலையத்தாரும், அவரோடு சேர்ந்த பிறரும், வீடுகளிற் பயன்பட்ட 19 பொம்மைகளைப் பெற்று அறுத்து நோக்கி, 2018-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். உட்சுவரின் ஒரு சதுர சென்டிமீட்டரில் 50 லட்சம் முதல் ஏழரைக் கோடி வரை நுண்ணுயிர்கள் இருந்தன. பத்திற்கு ஏறக்குறைய ஆறு பொம்மைகளிற் பூஞ்சணமும் காணப்பட்டது. லெஜியோனெல்லா, சூடோமோனாஸ் முதலிய, நோய் விளைக்கக்கூடிய பாக்டீரியாக்களும் பெரும்பாலானவற்றில் இருந்தன. வேறு ஆறு புதுப் பொம்மைகளை அவர்கள் 11 வாரம் சோதித்தனர். பாதிக்குத் தூய நீர். பாதிக்கு வியர்வையும் சோப்பும் கலந்த குளித்த நீர். அழுக்கு நீரிற் கிடந்தவை அனைத்திலும் பூஞ்சணம் முளைத்தது.

இவ்வுயிர்கட்கு உணவு யாது? வியப்பிற்குரிய செய்தி இதுவே: பொம்மையே உணவு. மலிந்த மென்பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் கரிமப் பொருள்களை நுண்ணுயிர்கள் உண்கின்றன. எஞ்சிய நைட்ரஜன், பாஸ்பரஸ் முதலியவற்றைக் குழந்தையின் உடலினின்று கழியும் வியர்வையும் சிறுநீருமே நல்குகின்றன.

நம்மூர் வெயிலிற் காய்ந்துவிடாதோ எனின், வெளிப்புறம் காயும். ஒற்றைத் துளையின் வழியே காற்று உட்சென்று மீள இயலாமையின், எத்துணை அழுத்தினும் கடைசித் துளிகள் உள்ளேயே தங்கும். துளையே குற்றத்தின் வாயில். 1992-ஆம் ஆண்டு பசிபிக் பெருங்கடலில் ஒரு கப்பலினின்று வீழ்ந்த 28,800 நீராட்டுப் பொம்மைகளுட் பல, பல மாதம் மிதந்து அலாஸ்காக் கரையை அடைந்தன. அவற்றில் துளை இல்லை. ஆதலின் நீர் புகவில்லை. கடைக்காரர் முகஞ்சுளிப்பினும், வாங்குமுன் நீரில் அமிழ்த்தி அழுத்திப் பார்ப்பது நன்று. குமிழி எழுந்தால் துளை உண்டு.

கரும்படலம் படிந்துவிட்ட பொம்மையைத் தூய்மை செய்ய முயல்வது பெரும்பாலும் வீண். கொதிநீரில் இட்டால் உருக்குலைதல் உண்டு. மருந்து நீரோ படலத்தின் மேற்புறத்தைத் தீண்டுமேயன்றி முற்றும் களைவதில்லை. இன்னும் ஓர் அபாயம் உளது. உப்பு நீர்க் கறையைப் போக்க நம்மூர்க் குளியலறைகளில் ஆசிட் வைத்திருத்தல் வழக்கம். பிளீச்சிங் பவுடரோடு அது சிறிது கலப்பினும் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். சிறு அறையில் மூச்சுத் திணறும். வினிகரும் அதனொடு கூடாது. எறிந்துவிடுவதே எளிது.

இவ்வாறு கூறுவதாற் பெற்றோர் நடுங்க வேண்டா. நலமுள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் தீங்கு நேராது. நுண்ணுயிர்ப் பழக்கம் உடலின் எதிர்ப்பாற்றலுக்கு உதவவுங்கூடும் என அவ்வாராய்ச்சியாளரே ஒப்புகின்றனர். ஆயினும் கண், காது, குடல் ஆகியவற்றில் நோய் உண்டாதலும் கூடும் என்றனர். நோயால் மெலிந்த குழந்தையிருக்கும் வீட்டார் இதனைப் புறக்கணித்தல் ஆகாது.

நம் குழந்தைக்கு இப்பொழுது ஓர் எவர்சில்வர் தம்ளரும் வழவழப்பாகத் தேய்த்த சிரட்டையும் கொடுத்துள்ளோம். இரண்டும் வாய் அகன்றவை. கவிழ்த்து வைத்தால் நீர் வடிந்து, நண்பகலுக்குள் உலர்ந்துவிடுகின்றன. வாத்தை மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கின்றது.