உடல் பருமன் உள்ளவர்களுக்கான தொடக்கநிலை ஓட்டப் பயிற்சி

உடல் பருமன் உள்ளவர்களுக்கான தொடக்கநிலை ஓட்டப் பயிற்சி என்பது, இதுவரை ஓடிப் பழக்கமில்லாத, உயரத்துக்கு ஏற்ற அளவைவிடக் கூடுதல் எடை கொண்ட ஒருவர், நடையையும் மெது ஓட்டத்தையும் மாற்றி மாற்றிச் செய்து, சில மாதங்களில் இடைவிடாமல் அரை மணி நேரம் ஓடும் நிலைக்கு வருவதற்கான படிமுறைப் பயிற்சி ஆகும். உலக அளவில் இவ்வகையில் மிகவும் அறியப்பட்டது 'கவுச் டு 5கே' என்னும் ஒன்பது வாரத் திட்டம். சாய்விருக்கையிலிருந்து 5 கிலோமீட்டர் வரை என்பது அப்பெயரின் பொருள். இத்திட்டம் பருமனானவர்களுக்கென்றே வகுக்கப்பட்டதன்று. எனவே அதை அப்படியே பின்பற்றும் கூடுதல் எடை உள்ளவர்களில் பலர் மூன்றாவது, நான்காவது வாரங்களில் கால் வலியோடு நின்றுவிடுகிறார்கள். எங்கே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை அறிந்தவர்களுக்கு அதே திட்டம் நன்றாகவே பயன்படுகிறது.

எடையை அளவிடுதல்

எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியீட்டெண். மருத்துவமனைகளில் இதையே பி.எம்.ஐ. என்கிறார்கள். உலக சுகாதார அமைப்பின் பொது அளவுகோலின்படி 25க்கு மேல் கூடுதல் எடை, 30க்கு மேல் உடல் பருமன். தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதய நோயும் வருவதால், 2009இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் வெளியிட்ட பரிந்துரை இந்த எல்லைகளை 23 என்றும் 25 என்றும் தாழ்த்தியது. 165 செ.மீ. உயரமும் 70 கிலோ எடையும் உள்ள ஒருவரின் குறியீட்டெண் ஏறத்தாழ 25.7. பொது அளவுகோலில் இவர் சற்றே எடை கூடியவர். இந்திய அளவுகோலில் பருமனானவர். ஆனால் ஓட்டத்தில் காலுக்கு ஏறும் சுமை என்ற கோணத்தில் இவருக்குப் பெரிய தடை ஏதுமில்லை. இக்கட்டுரையில் பின்னால் சொல்லப்படும் கூடுதல் எச்சரிக்கைகள் பெரும்பாலும் குறியீட்டெண் 30ஐத் தாண்டியவர்களுக்கு உரியவை.

திட்டத்தின் தோற்றமும் அமைப்பும்

அமெரிக்கரான ஜோஷ் கிளார்க் 1996ஆம் ஆண்டு இத்திட்டத்தை உருவாக்கினார். ஐம்பது வயதைக் கடந்த தம் தாயையும் ஓட வைக்க வேண்டும் என்பதே அவர் நோக்கமாக இருந்தது. பின்னர் பிரித்தானியாவின் தேசிய நலச் சேவை இதை ஏற்றுக்கொண்டு, ஒலிப்பதிவுகளாகவும் கைப்பேசிச் செயலியாகவும் இலவசமாக வழங்கியது. எப்போது ஓட வேண்டும், எப்போது நடக்க வேண்டும் என்று காதில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே வரும். அமெரிக்க ஓட்ட வீரர் மைக்கேல் ஜான்சனின் குரலும் அவற்றுள் ஒன்று.

வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி, இடையில் ஒரு நாளாவது ஓய்வு. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிட வேக நடையோடு தொடங்கி, அதேபோல் நடந்தே முடிக்க வேண்டும். முதல் வாரத்தில் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று 20 நிமிடம் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். இரண்டாம் வாரத்தில் இது 90 விநாடி ஓட்டம், இரண்டு நிமிட நடை என ஆகிறது. மூன்றாம் வாரத்தில் மூன்று நிமிட ஓட்டமும், நான்காம் வாரத்தில் ஐந்து நிமிட ஓட்டமும் சேர்கின்றன. ஒன்பதாம் வாரத்தில் 30 நிமிடம் தொடர் ஓட்டம்.

இதில் பெயர் பெற்ற இடம் ஐந்தாம் வாரம். அவ்வாரத்தின் இரண்டாம் நாளில் எட்டு நிமிடம் ஓடி, ஐந்து நிமிடம் நடந்து, மீண்டும் எட்டு நிமிடம் ஓட வேண்டும். அடுத்த பயிற்சி நாளிலேயே நடை இல்லாமல் ஒரேயடியாக 20 நிமிட ஓட்டம். 'உன்னால் முடியும்' என்று ஓடுபவருக்குக் காட்டிவிடும் தாவல் இது. மெலிந்தவர்களுக்குப் பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. நூறு கிலோ எடையுள்ள ஒருவருக்கு இத்தாவல் தேவையில்லை. இடையில் 10, 12, 15 நிமிடம் என்று இரண்டு மூன்று வாரங்களைச் செருகிக்கொள்வதால் எந்த இழப்பும் இல்லை.

மூச்சுக்கும் எலும்புக்கும் உள்ள இடைவெளி

தொடக்கநிலை ஓட்டக்காரர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடுகின்றன. தசைகள் அதற்குச் சற்றுப் பின்னால் வரும். தசைநாண்களும் எலும்புகளும் புதிய சுமைக்கு ஏற்பத் தம்மை வலுப்படுத்திக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். முதல் வாரத்தில் மூச்சு வாங்குவதால் ஒருவர் தானாகவே அடக்கி ஓடுகிறார். நான்காம் வாரத்தில் மூச்சு சீராகிவிடுகிறது, உற்சாகம் பிறக்கிறது, வேகத்தையும் நேரத்தையும் கூட்டுகிறார். எலும்போ இன்னும் முதல் வாரத்தில்தான் நிற்கிறது. காயங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் ஏற்படுகின்றன.

எடை கூடினால் இந்த இடைவெளியின் விலையும் கூடுகிறது. நடக்கும்போது தரை ஒரு காலின்மேல் திருப்பிச் செலுத்தும் விசையின் உச்சம் உடல் எடையைவிடச் சற்றே அதிகம். ஓடும்போது அது இரண்டு முதல் மூன்று மடங்கு. 90 கிலோ எடையுள்ளவருக்கு ஒவ்வோர் அடியிலும் 180 முதல் 270 கிலோ. நிமிடத்துக்கு 160 அடி என்று கொண்டால், முதல் நாளின் எட்டு நிமிட ஓட்டத்திலேயே ஒவ்வொரு காலும் இச்சுமையை 640 முறை தாங்குகிறது.

டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கியவர்களிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வு ஒன்று, குறியீட்டெண் 30ஐத் தாண்டியவர்கள் முதல் வாரத்தில் மொத்தம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் காயத்துக்கான வாய்ப்பு கூடக்கூடும் என்றது. இதை மேலே கண்ட திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதல் வாரத்தின் மூன்று நாட்களிலும் சேர்த்து ஓட்டம் மட்டும் 24 நிமிடம். மணிக்கு 7.5 கி.மீ. வேகத்தில் அது சரியாக 3 கிலோமீட்டர். அதாவது மிக எளியது எனக் கருதப்படும் முதல் வாரமே பருமனானவர்களுக்கு எல்லைக்கோட்டில் நிற்கிறது. சற்று வேகமாக ஓடினால் எல்லை தாண்டிவிடும்.

எவ்வாறு மாற்றிக்கொள்வது

ஓட்டத்தின் முதல் மாதம் நடையாக இருப்பதே நல்லது. வாரத்தில் நான்கைந்து நாள், 30 முதல் 40 நிமிடம் வேகமாக நடந்து, மறுநாள் காலையில் குதிகாலிலோ முழங்காலிலோ வலி இல்லாமல் எழ முடிகிறது என்ற நிலை வந்த பிறகே ஓட்டத்தைச் சேர்க்க வேண்டும். சிலருக்கு இதற்கு இரண்டு மாதம்கூட ஆகலாம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்ற உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை இந்த நடையிலேயே நிறைவேறிவிடுகிறது என்பதால், இதை வீண் காத்திருப்பாகக் கருத வேண்டியதில்லை.

அதன்பின் 30 விநாடி ஓட்டம், இரண்டு நிமிட நடை என எட்டுச் சுற்று. மூன்று நாட்களுக்கும் சேர்த்து 12 நிமிட ஓட்டம். தூரம் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர். இதை இரண்டு வாரம் செய்துவிட்டு ஒன்பது வாரத் திட்டத்தின் முதல் வாரத்துக்குள் நுழையலாம். ஒவ்வொரு வாரத்தையும் இருமுறை செய்தால் ஒன்பது வாரம் பதினெட்டாகும். ஒரு வாரம் கடினமாக இருந்தால் மூன்றாவது முறையும் செய்யலாம். அட்டவணையில் உள்ள வார எண்ணைத் தேர்வு மதிப்பெண் போல எண்ணுவதே பலரைக் கெடுக்கிறது.

வேகத்துக்கு எளிய அளவுகோல் பேச்சு. ஓடும்போதே ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம். இந்த வேகம் பலருக்கு வேக நடையைவிடச் சிறிதே கூடுதலாக இருக்கும். பக்கத்தில் நடப்பவர் முந்திச் செல்வதும் நடக்கும். தெருவில் யாராவது பார்க்கிறார்கள் என்றால் பருமனானவர் கூச்சத்தில் வேகத்தைக் கூட்டிவிடுவது வழக்கம். எனவே தொடக்கத்தில் ஆள் குறைந்த நேரத்தையோ, ஒரே வேகத்தில் வரும் துணையையோ தேர்ந்துகொள்வது நலம்.

காலை எட்டி வைக்காமல் அடிகளைக் குறுக்கி, விரைந்து வைக்க வேண்டும். அதே வேகத்தில் அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 விழுக்காடு கூட்டினால் முழங்காலிலும் இடுப்பு மூட்டிலும் சுமை குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. மண் தரை, பள்ளி மைதானம், சமமான சாலை ஆகியவை ஏற்றவை. கடற்கரையின் உலர்ந்த மணல் மெத்தென்று இருப்பதால் காலுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள்; குதிகால் அதில் புதைவதால் கெண்டைக்கால் தசையும் அதன் தசைநாணும் அளவுக்கு மீறி இழுபடும்.

ஓட்டத்துக்கென உள்ள ஷூ தேவை. கேன்வாஸ் ஷூ போதாது. கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் வாங்குவதும், பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகல இடம் விட்டு எடுப்பதும் நல்லது. தொடைகள் உரசிப் புண்ணாவது பருமனானவர்கள் ஓட்டத்தைக் கைவிடும் காரணங்களுள் ஒன்று. வெளியே சொல்லக் கூசுவதால் இதற்குத் தீர்வும் கேட்பதில்லை. தொடையை இறுகப் பற்றும் நீள அரைக்கால்சட்டையும் சிறிது வாசலினும் போதும். பெண்களுக்கு அளவு பொருந்திய ஸ்போர்ட்ஸ் பிரா ஷூவுக்கு நிகரான தேவை.

மருத்துவ எச்சரிக்கைகள்

இதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்களும், நாற்பதைக் கடந்து நீண்ட காலம் உடலுழைப்பின்றி இருந்தவர்களும் ஓட்டத்தைத் தொடங்குமுன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுகுவதாக உணர்பவர்கள் அதற்கு முன் நடைப் பயிற்சியைக்கூடத் தொடங்கக் கூடாது. ஓடும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடக் கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் ஆகியவற்றுள் எது வந்தாலும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் ஓட்டத்தின்போதோ சில மணி நேரம் கழித்தோ இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடலாம். சட்டைப்பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருக்க வேண்டும். மருந்தளவைத் தாமாக மாற்றக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளிகள் வெறுங்காலுடன் ஓடுவது ஆபத்து. ஒவ்வொரு முறையும் பாதத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

வலிகளில் வேறுபாடு உண்டு. இரு தொடைகளிலும் பரவலாக வந்து இரண்டு நாளில் மறையும் வலி இயல்பானது. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரே புள்ளியில் அழுத்தினால் வலிப்பதும், நடையையே கோணலாக்கும் வலியும் எலும்பில் ஏற்படும் அழுத்த விரிசலின் அறிகுறிகளாக இருக்கலாம். அப்படிப்பட்ட வலியோடு ஓடக் கூடாது.

தென்னிந்திய வெப்பமும் ஒரு காரணி. பருமனான உடல் அதிக வெப்பத்தை உண்டாக்குகிறது. தோலடிக் கொழுப்பு அது வெளியேறுவதைத் தடுக்கிறது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதத்தால் வியர்வையும் எளிதில் உலராது. ஏப்ரல், மே மாதங்களில் சூரியன் எழுமுன் முடித்துக்கொள்வதே முறை.

முழங்கால் தேயுமா?

இக்கேள்விக்கு ஓரளவு நம்பகமான விடை உள்ளது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான பகுப்பாய்வு ஒன்றில், பொழுதுபோக்காக ஓடுபவர்களிடம் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் 3.5 விழுக்காடாகவும், ஓடாதவர்களிடம் 10.2 விழுக்காடாகவும் இருந்தது. போட்டிகளுக்காகத் தீவிரமாக ஓடுபவர்களிடம் அது 13.3 விழுக்காடு. மூட்டு நல்ல நிலையில் இருப்பவர்களே ஓட்டத்தைத் தொடர்கிறார்கள் என்பதும் இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணமாகலாம். ஏற்கெனவே மூட்டு தேய்ந்து வீக்கம் உள்ளவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தா. அவர்களுக்கு நீச்சலும் சைக்கிளும் ஏற்றவை.

எடை குறையுமா?

ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. 90 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 450. வாரம் மூன்று முறை என்றால் 1,350. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி உண்டு. ஆக, திட்டத்தை முழுதும் முடித்தவருக்கே வாரத்துக்கு 175 கிராம்தான். தொடக்க வாரங்களில் அதுவும் இல்லை. ஓடி முடித்துவிட்டு உணவகத்தில் உட்கார்ந்தால், நெய்ப் பொங்கலும் இரண்டு வடையும் அந்த 450ஐ நிரப்பிவிடும்.

எடை குறைய உணவில்தான் கை வைக்க வேண்டும். ஓட்டத்தின் பயன் வேறு இடத்தில் தெரிகிறது. எடை இயந்திரத்தின் முள் அசையாதபோதும் இரத்த அழுத்தம் தணிகிறது, இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது, வயிற்றின் உட்கொழுப்பு குறைகிறது, தூக்கம் சீராகிறது. எனவே வாரந்தோறும் எடை பார்ப்பதைவிட, மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவையும், காலை எழுந்தவுடன் நாடித் துடிப்பையும் குறித்து வைப்பது பயனுள்ளது.

திட்டம் முடிந்த பின்

பெயரில் 5 கிலோமீட்டர் இருந்தாலும், 30 நிமிடத்தில் அத்தூரத்தை எட்ட மணிக்கு 10 கி.மீ. வேகம் வேண்டும். மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் ஓடுபவர் அரை மணியில் மூன்றரை கிலோமீட்டரே கடந்திருப்பார். 5 கிலோமீட்டருக்கு அவருக்கு 43 நிமிடம் ஆகும். மீதித் தூரத்தை எட்ட, வேகத்தை மாற்றாமல் வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். நடுவில் நடப்பதும் குறையன்று. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே, ஓட்டத்துக்கு இடையே திட்டமிட்டு நடக்கும் முறையைத்தான் தம் மாணவர்களுக்குக் கற்பித்தார். அம்முறையில் மாரத்தானையே முடிக்கிறார்கள்.

காய்ச்சலாலோ பயணத்தாலோ இரண்டு வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்துக்கு இரண்டு படி முன்னாலிருந்து தொடர வேண்டும். இரண்டு மாதம் விட்டுப்போனால் நடையிலிருந்தே தொடங்குவது பாதுகாப்பு. இரண்டாம் முறை மூச்சு விரைவில் பழகிவிடும் என்பதால், அப்போதுதான் அவசரப்படாமல் இருப்பது இன்னும் கடினம்.